டிகின்டர் நிகழ்வுகளை டீபக் செய்ய ஓர் உதவிக் கோப்பு: முழுமையான வழிகாட்டி

திரைப் பயன்பாடுகளை டீபக் செய்யும்போது பெரும்பாலானோர் கை தானாகப் போவது பிரின்ட் பக்கம். ஒரு நிகழ்வு (விசை அழுத்தம், கிளிக் போன்றது) வரும்போது ஓடும் ஃபங்ஷனான ஹேண்ட்லருக்குள் ஒன்றைப் போடுவது, பிழை தெரிந்ததும் அழிப்பது, அடுத்த வாரம் வேறொரு ஹேண்ட்லரில் அதையே மறுபடி போடுவது. ஹேண்ட்லர் ஓடினால்தானே அந்த பிரின்ட் ஓடும்? பல பிரச்சினைகளில் ஹேண்ட்லர் ஓடாமல் இருப்பதுதான் பிரச்சினையே.

அதற்குப் பதிலாக, எந்தப் புராஜெக்டிலும் இறக்குமதி செய்துகொள்ளக்கூடிய ஒரே ஒரு கோப்பை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். எடுத்துக்கொண்டது பைதானும், சாளரங்கள் கட்ட அதனுடன் வரும் டிகின்டர் தொகுதியும். வரிசை முக்கியம்: ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது. எல்லாப் படிகளுக்கும் பொதுவாக ஒரு விதி: உதவி ஃபங்ஷன் வேடிக்கை பார்க்கலாம், எதையும் மாற்றக்கூடாது. புதியவர்கள் எழுதும் டீபக் ஃபங்ஷன்களில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த விதியை மீறியதால் வருபவை.

## 0. தொடங்கும் முன் தேவையானவை

பைதான் 3.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். அதற்கு முன் நிகழ்வின் வகை வெறும் எண்ணாக வரும்: விசை அழுத்தினால் 2, சுட்டிப் பொத்தானை அழுத்தினால் 4. 3.6 முதல் அது படிக்கக்கூடிய பெயராக வருகிறது.

ஒரு சோதனைச் சாளரம் கட்டிக்கொள்ளுங்கள். அதில் ஓர் ஒற்றை வரிப் பெட்டி (என்ட்ரி), ஒரு பல வரிப் பெட்டி (டெக்ஸ்ட்), ஒரு பொத்தான், ஒரு காம்போபாக்ஸ் இருந்தால் போதும். உதவி ஃபங்ஷனை நேராகப் பழுதான நிரலில் மாட்டினால், வருகிற விநோதம் நிரலுடையதா உதவி ஃபங்ஷனுடையதா என்று பிரிக்க முடியாது. நடத்தை ஏற்கெனவே தெரிந்த ஓர் இடத்தில் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

விட்ஜெட்டுகளை (பெட்டி, பொத்தான் போன்ற திரை உறுப்புகளை) உருவாக்கும்போதே 'நேம்' என்ற அளவுருவில் பெயர் வையுங்கள். வைக்காவிட்டால் டிகின்டரே 'என்ட்ரி2', 'பட்டன்5' என்கிற மாதிரி பெயர் சூட்டிவிடும். பதிவை வாசிக்கும்போது எது ஐந்தாவது பொத்தான் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

நிரலை டெர்மினலிலிருந்து ஓட்டுங்கள். விண்டோஸில் கன்சோல் இல்லாமல் ஓட்டும் 'பைதான்டபிள்யூ' வழியாக ஓட்டினால் பிழைச் செய்திகள் போய்ச் சேர இடமே இருக்காது.

நிரலை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்கும் பிரேக்பாயின்ட் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கணக்குப் போடும் குறியீட்டுக்கு அது நல்ல வழி. நிகழ்வுகளுக்கு அப்படியல்ல. நிரல் நின்று டீபக்கர் சாளரம் முன்னால் வந்ததும் ஃபோகஸ் (விசைகள் போய்ச் சேரும் இடம்) மாறிவிடும். பொத்தானை விட்ட நிகழ்வு வேறெங்கோ போய்விடும். லினக்ஸில் எக்ஸ்11 என்ற திரை அமைப்பின் மீது ஒரு மெனு சுட்டியைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் நிறுத்தினால், திரை முழுக்கவே கிளிக் செய்ய முடியாமல் போகக்கூடும். அதனால் இங்கே நிறுத்திப் பார்ப்பதை விடப் பதிவு செய்துகொண்டே போவதுதான் சரி.

## 1. ஒரு நிகழ்வை ஒரே வரியாக்கும் ஃபங்ஷன்

முதலில் எழுத வேண்டியது 'வரியாக்கு'. (பைதான் 3-ல் ஃபங்ஷன்களுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம், அதனால் இங்கேயும் அப்படியே வைக்கிறேன்.) நிகழ்வை வாங்கி ஒரு சரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். அச்சிடுவதோ கோப்பில் எழுதுவதோ இதன் வேலை இல்லை. இரண்டையும் கலந்துவிட்டால், நாளைக்குப் பதிவைக் கோப்புக்கு மாற்றும்போது எல்லாவற்றையும் பிரித்து எழுத வேண்டியிருக்கும்.

வகை, விட்ஜெட்டின் பெயர், பிறகு அந்த வகைக்குப் பொருந்தும் புலங்கள் மட்டும். விசை என்றால் விசைப் பெயரும் எழுத்தும். சுட்டி என்றால் பொத்தான் எண்ணும் இடமும். பொருந்தாத புலங்களில் டிகின்டர் '??' என்ற சரத்தை வைத்துத் தரும். சுட்டி நிகழ்வில் விசைப் பெயரைக் கேட்டால் '??' வரும். அதை எண் என்று நினைத்துக் கூட்டிக் கழிக்கப் போனால் உதவி ஃபங்ஷனே கவிழும்.

இங்கே இன்னும் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

விட்ஜெட் புலத்தில் எப்போதும் விட்ஜெட் பொருள்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். காம்போபாக்ஸ் விரியும்போது தோன்றும் பட்டியலை, டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே தானாகவே உள்ளுக்குள் உருவாக்குகிறது. பைதான் பக்கம் அதற்குப் பொருளே கிடையாது. அங்கிருந்து நிகழ்வு வந்தால் அந்தப் புலத்தில் வெறும் சரம்தான் இருக்கும். அதனிடம் வகுப்பின் பெயரைக் கேட்டால் பிழை. சரமாக மாற்றி மட்டும் பயன்படுத்தினால் இரண்டு நிலையிலும் வேலை செய்யும்.

அடுத்தது 'ஸ்டேட்' என்ற புலம். அது பல கொடிகளின் கூட்டு: ஷிஃப்ட் 1, கேப்ஸ் லாக் 2, கன்ட்ரோல் 4, சுட்டியின் முதல் மூன்று பொத்தான்கள் 256, 512, 1024. நம்லாக் விண்டோஸில் 8 ஆகவும், எக்ஸ்11-ல் பொதுவாக 16 ஆகவும் வரும். 'ஸ்டேட் 4-க்குச் சமமா' என்று கேட்டு கன்ட்ரோல் விசையைக் கண்டுபிடிக்கும் நிரல், நம்லாக் எரிந்ததும் செத்துப்போவது இதனால்தான். ஒவ்வொரு கொடியாகப் பிட் அளவில் சோதித்து, 'கன்ட்ரோல்+நம்லாக்' என்று பெயராகவே வரியில் எழுதுங்கள். இன்னொன்று, இந்தப் புலம் சொல்வது நிகழ்வுக்குச் சற்று முந்தைய நிலையை. இடது பொத்தானை அழுத்திய நிகழ்வில் 256 இருக்காது, விட்ட நிகழ்வில்தான் இருக்கும்.

கடைசியாகக் கடவுச்சொல். விசைகளைப் பதிவு செய்யும் எதுவும் கடவுச்சொல்லையும் பதிவு செய்யும். விட்ஜெட்டின் 'ஷோ' அமைப்பில் ஏதாவது எழுத்து இருந்தால் எழுத்து, விசைப் பெயர், விசை எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள். எழுத்தை மட்டும் மறைத்துவிட்டு விசைப் பெயரை விட்டுவைப்பவர்கள் நிறைய. இரண்டிலும் ஒரே தகவல்தான் இருக்கிறது. எல்லா விட்ஜெட்டுக்கும் 'ஷோ' கிடையாது. கேட்கும்போது வரும் பிழையைப் பிடித்து, இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## 2. பதிவை நினைவகத்தில் வைக்கும் ஃபங்ஷன்

'பதி' என்பது இரண்டாவது. ஒரு வரியை வாங்கி, தொடர் எண்ணும் நேரமும் சேர்த்து, அளவு கட்டுப்படுத்திய ஒரு 'டெக்'கில் (இரு முனை வரிசையில்) போடும். உச்ச அளவை 500 என்று வைத்தால் பழையவை தானாக உதிர்ந்துவிடும். 'கொட்டு' என்ற இன்னொரு ஃபங்ஷன் அதை டெர்மினலில் கொட்டும். எஃப்12 விசைக்கு அதை மாட்டிக்கொள்ளலாம்.

உடனே அச்சிட்டால் என்ன? டெர்மினலில் எழுதுவது மெதுவான வேலை. சுட்டி நகரும்போது நிகழ்வுகள் மழையாகக் கொட்டும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி அச்சிட்டால் நிரலே தடுமாறும். நீங்கள் தேடும் பிழை நேரம் சார்ந்ததாக இருந்தால், அச்சிடுவதாலேயே அது மறைந்துவிடவும் கூடும்.

நேரத்துக்கு 'டைம்' தொகுதியின் 'பெர்ஃப் கவுன்ட்டர்'. சாதாரணக் கடிகாரம் இடையில் திருத்தப்படலாம், பின்னோக்கிக்கூடக் குதிக்கலாம். இது குதிக்காது.

வரியாக்கிய சரத்தைத்தான் வைக்க வேண்டும். நிகழ்வுப் பொருளையே வைத்து அப்புறம் வரியாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கொட்டும் நேரத்தில் அந்த விட்ஜெட் அழிந்திருக்கலாம், பெட்டியில் இருந்த உரை மாறியிருக்கலாம். நடந்த கணத்தில் எப்படி இருந்தது என்பதுதான் நமக்கு வேண்டும்.

## 3. நிரலைத் தொடாமல் ஒட்டும் ஃபங்ஷன்

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பலன் தருவது.

புதியவர்கள் நேராக, நிகழ்வை ஹேண்ட்லரோடு இணைக்கும் 'பைண்ட்' போடுகிறார்கள். கூட்டல் குறி கொடுக்காமல் போட்டால், அதே விட்ஜெட்டில் அதே நிகழ்வுக்கு ஏற்கெனவே இருந்த ஹேண்ட்லரை அது மாற்றி எழுதிவிடும். பிழையைத் தேட வந்தவரே புதிய பிழையை நட்டுவிட்டுப் போகிறார். கூட்டல் குறி கொடுத்தாலும் முழுத் தீர்வு இல்லை: ஒரே விட்ஜெட்டில் பல பைண்டுகள் பொருந்தினால் டிகே மிகக் குறிப்பானதை மட்டுமே ஓட்டும். ஏதாவது ஒரு விசை என்று நீங்கள் பைண்ட் செய்து, நிரல் என்டர் விசைக்குத் தனியாக பைண்ட் செய்திருந்தால், என்டர் அழுத்தும்போது உங்களுடையது ஓடவே ஓடாது. அடுத்து 'பைண்ட் ஆல்' பக்கம் போவார்கள். அது வரிசையில் கடைசி. நடுவில் யாராவது நிகழ்வை நிறுத்திவிட்டால் அதற்கும் செய்தி வராது.

இந்த மூன்றையும் தாண்ட 'பைண்ட்டேக்ஸ்' உதவும். ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் ஒரு குறிச்சொல் வரிசை உண்டு. இயல்பாக அதில் நான்கு: அந்த விட்ஜெட், அதன் வகுப்பு, அது இருக்கும் மேல்நிலைச் சாளரம், கடைசியில் 'ஆல்'. நிகழ்வு இந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போகும். ஏதாவது ஒரு ஹேண்ட்லர் 'பிரேக்' என்ற சரத்தைத் திருப்பினால் அங்கேயே நின்றுவிடும்.

இந்த வரிசையில் நம்முடைய குறிச்சொற்களையும் செருகலாம். ஒன்று தலையில், ஒன்று வாலில். குறிச்சொல் வேறு என்பதால் நிரலின் பைண்டுகளோடு எந்தப் போட்டியும் இல்லை. எலும்புக்கூடு இப்படி:

    முன்_காவல்(நிகழ்வு):
        பதி("முன்", வரியாக்கு(நிகழ்வு))

    பின்_காவல்(நிகழ்வு):
        பதி("பின்", வரியாக்கு(நிகழ்வு))

    ஒட்டு(விட்ஜெட்):
        பழைய = விட்ஜெட்டின் குறிச்சொல் வரிசை
        "முன்_காவல்" அதில் ஏற்கெனவே இருந்தால், வரிசையைத் தொடாதே
        இல்லையென்றால், புதிய வரிசை = "முன்_காவல்" + பழைய + "பின்_காவல்"
        ஒவ்வொரு குழந்தைக்கும் ஒட்டு(குழந்தை)

காவல் ஃபங்ஷன்களை இந்த இரண்டு குறிச்சொற்களுக்கும் 'பைண்ட் கிளாஸ்' வழியாக ஒரே ஒரு முறை மாட்டிவிடுங்கள். காவல்கள் எதையும் திருப்பித் தரக்கூடாது.

இதில் கிடைக்கும் லாபம் என்னவென்றால், ஒரு நிகழ்வுக்கு 'முன்' வரி இருந்து 'பின்' வரி இல்லை என்றால் நடுவில் யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள். 'கொட்டு' ஃபங்ஷனே இந்த ஜோடியைப் பொருத்திப் பார்த்து, ஜோடி இல்லாத வரியில் 'நின்றது' என்று எழுதட்டும். வகை, விட்ஜெட், நிகழ்வின் நேரம், வரிசை எண் நான்கையும் சேர்த்துப் பொருத்துங்கள். அடுத்தடுத்த வரிகளை ஜோடி என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடும்: ஒரு ஹேண்ட்லர் உள்ளே 'அப்டேட்' அழைத்தால் அதன் நடுவிலேயே வேறு நிகழ்வுகள் புகுந்துவிடும்.

இது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க டிகேவிலேயே ஒரு சோதனை இருக்கிறது. பல வரிப் பெட்டியில் டேப் விசையை அழுத்துங்கள். டெக்ஸ்ட் வகுப்பு அந்த இடத்தில் டேப் எழுத்தைச் செருகிவிட்டு, ஃபோகஸ் அடுத்த விட்ஜெட்டுக்கு ஓடாமல் இருக்கத் தானே 'பிரேக்' செய்கிறது. ஒற்றை வரிப் பெட்டி அப்படிச் செய்வதில்லை. ஆக, பதிவு இப்படி வர வேண்டும்:

    118  12.406  முன்  விசை-அழுத்தம்  குறிப்புப்பெட்டி  டேப்   ← நின்றது
    131  15.871  முன்  விசை-அழுத்தம்  பெயர்ப்பெட்டி  டேப்
    132  15.871  பின்  விசை-அழுத்தம்  பெயர்ப்பெட்டி  டேப்

இப்படி வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் 'பின்_காவல்' வரிசையின் கடைசியில் இல்லாமல் வகுப்பின் குறிச்சொல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

எந்தெந்த நிகழ்வுகளுக்கு மாட்டுவது? விசை அழுத்தம், விசை விடுப்பு, பொத்தான் அழுத்தம், பொத்தான் விடுப்பு, ஃபோகஸ் வருவது, போவது, அழிவு. சுட்டி நகர்வையும் அளவு மாற்றத்தையும் கேட்டால் மட்டும் சேருங்கள். சேர்த்தால், ஒரே விட்ஜெட்டில் தொடர்ந்து வருவதை ஒரே வரியாக்கி எண்ணிக்கையை மட்டும் ஏற்றுங்கள். சுட்டிச் சக்கரம் தனிக் கதை. விண்டோஸில் அதன் அளவு 120-ன் மடங்குகளாக வரும், டிகே 8.6 வரை மேக்கில் சிறிய எண்களாகவும் எக்ஸ்11-ல் 4, 5 எண் பொத்தான்களாகவும் வரும். இரட்டைக் கோண அடைப்புக்குள் எழுதப்படும் மெய்நிகர் நிகழ்வுகள் இவற்றில் எதிலும் சிக்காது. வேண்டியவற்றைப் பெயர் சொல்லி மாட்ட வேண்டும்.

குழந்தைகளைத் தேடிப் போகும்போது இன்னொரு பொறி. காம்போபாக்ஸ் ஒருமுறை விரிந்த பிறகு அதன் குழந்தைகளைக் கேட்டால், பைதானுக்குத் தெரியாத அந்தப் பட்டியல் குறுக்கே வந்து 'பாப்டவுன்' என்ற கீ-எரரைத் தரும். ஃபோகஸ் எங்கே என்று கேட்டாலும் அதே பிழை வரலாம். அந்த அழைப்பைப் பிழைபிடிக்கும் பகுதிக்குள் வையுங்கள்.

'ஒட்டு' ஓடிய பிறகு பிறந்த விட்ஜெட்டுகளுக்கு எதுவும் ஒட்டியிருக்காது. உரையாடல் பெட்டிகளை உருவாக்கும் இடத்தில் மறுபடி அழையுங்கள். ஏற்கெனவே ஒட்டியதன் வரிசையை அது தொடாது, ஆனால் குழந்தைகளைத் தேடிப் போவதை நிறுத்தாது என்பதால் எத்தனை முறை அழைத்தாலும் பாதகமில்லை.

## 4. ஹேண்ட்லரைச் சுற்றும் ஃபங்ஷன்

நிகழ்வு வந்ததா என்பதை மூன்றாம் படி சொல்லும். ஹேண்ட்லர் ஓடியதா, எவ்வளவு நேரம் எடுத்தது, என்ன திருப்பியது என்பதைச் சொல்ல 'சுற்று' என்ற டெக்கரேட்டர் (ஒரு ஃபங்ஷனைச் சுற்றி இன்னொன்றைப் போர்த்துவது).

உள்ளே வந்ததும் ஒரு வரி, வெளியே போகும்போது எடுத்த நேரத்தோடு ஒரு வரி. பைண்ட் வழியாக வரும் ஹேண்ட்லர் ஒரு நிகழ்வைப் பெறும். பொத்தானின் 'கமாண்ட்' வழியாக வருவது எதையும் பெறாது. இரண்டுக்கும் ஒரே டெக்கரேட்டர் பயன்பட வேண்டுமானால், வருகிற அளவுருக்களை எத்தனை இருந்தாலும் அப்படியே கடத்துங்கள். 'ஃபங்டூல்ஸ்' தொகுதியின் 'ராப்ஸ்' போடாவிட்டால் எல்லா ஹேண்ட்லர்களும் பதிவில் ஒரே பெயரில் தெரியும்.

இங்கே எல்லோரும் விடும் தவறு, உள் ஃபங்ஷன் திருப்பியதைத் திருப்பாமல் விடுவது. ஹேண்ட்லர் 'பிரேக்' என்று சொல்லியிருக்கும், டெக்கரேட்டர் அதை விழுங்கிவிடும், இதுவரை நின்றுகொண்டிருந்த நிகழ்வு இப்போது நிற்காமல் ஓடும். டீபக்கை ஆன் செய்தால் ஒரு நடத்தை, ஆஃப் செய்தால் வேறு நடத்தை. பிழை வந்தாலும் அப்படியே: பதிந்துவிட்டு மறுபடி எறிந்துவிடுங்கள்.

ஆழத்தை ஓர் எண்ணாக வைத்து, உள்ளே போகும்போது ஒன்று கூட்டி, வெளியே வரும்போது கழித்து, அந்த அளவுக்கு வரியைத் தள்ளி எழுதுங்கள். ஹேண்ட்லருக்குள் ஹேண்ட்லர் ஓடுவது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கழிக்கும் வேலையை 'ஃபைனலி' பகுதியில் வைக்காவிட்டால் முதல் பிழையிலேயே பதிவு வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும்.

## 5. விழுங்கப்படும் பிழைகளைப் பிடிக்கும் ஃபங்ஷன்

கால்பேக்கில் (டிகின்டர் அழைக்கும் நம் ஃபங்ஷனில்) பிழை வந்தால் டிகின்டர் நிரலை நிறுத்தாது. பிழைத் தடத்தை ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிவிட்டு நிகழ்வுகளை எடுத்து ஓட்டும் மெயின் லூப்பைத் தொடரும். கன்சோல் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

மூலச் சாளரத்தின் 'ரிப்போர்ட் கால்பேக் எக்ஸப்ஷன்' என்ற மெத்தடை உங்கள் ஃபங்ஷனால் மாற்றலாம். அதற்குப் பிழையின் வகை, மதிப்பு, தடம் என மூன்று அளவுருக்கள் வரும். கடைசி 30 பதிவு வரிகளைக் கொட்டிவிட்டுப் பழைய மெத்தடையும் அழையுங்கள். பிழைக்குச் சற்று முன்னால் பயனர் என்ன செய்தார் என்பது தடத்தோடு சேர்ந்தே கிடைத்துவிடும்.

அந்த இடத்தில் மெசேஜ்பாக்ஸ் காட்ட ஆசைப்படாதீர்கள். அது ஃபோகஸைப் பிடுங்கும், புதிய நிகழ்வுகளை உருவாக்கும். குறித்த நேரம் கழித்து ஓட்டும் 'ஆஃப்டர்' வைத்துத் திரும்பத் திரும்ப ஓடும் ஃபங்ஷனில் பிழை என்றால் பெட்டி மேல் பெட்டியாக எழும்பும்.

## 6. உறைந்த திரையைக் காட்டிக்கொடுக்கும் ஃபங்ஷன்

'துடிப்பு' என்று ஒரு சிறு ஃபங்ஷன்: 50 மில்லி நொடிக்கு ஒருமுறை 'ஆஃப்டர்' வழியாகத் தன்னையே அழைத்துக்கொள்ளும். முந்தைய துடிப்புக்கும் இதற்கும் 200 மில்லி நொடிக்கு மேல் இடைவெளி இருந்தால் பதியும். நிகழ்வுகளும் இதுவும் ஒரே லூப்பில் ஓடுவதால், இது தாமதமானால் எல்லாமே தாமதமாகியிருக்கிறது என்று பொருள்.

'ஆஃப்டர்' அழைப்பில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுவிடாதீர்கள். போட்டால் காத்திருக்காமல் அப்போதே ஓடி, தன்னைத்தானே அழைத்துக்கொண்டு கவிழும்.

யார் உறைய வைத்தது என்பதைத் தெரிந்துகொள்ள, 'ஃபால்ட்ஹேண்ட்லர்' தொகுதியில் 'டம்ப் ட்ரேஸ்பேக் லேட்டர்' இருக்கிறது. குறித்த நேரம் கழிந்ததும் எல்லா இழைகளின் தடத்தையும் எழுதும். மறுபடி அழைத்தால் பழைய கெடு ரத்தாகிப் புதிய கெடு தொடங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் 1 நொடிக் கெடுவோடு அதை அழைத்துக்கொண்டே இருங்கள். துடிப்பு நின்றால் கெடு தாண்டி, நிரல் எந்த வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அச்சாகிவிடும். என் கணக்கில் இந்தக் கோப்பிலேயே குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தருவது இதுதான்.

## 7. பதிவை வாசிக்கும் வரிசை

கட்டி முடித்தவர்களும் வாசிக்கும்போது தடுமாறுகிறார்கள். ஹேண்ட்லர் வரியிலிருந்து தொடங்காதீர்கள், 'முன்' வரியிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்ற புகாரில், 'முன்' வரியே இல்லையென்றால் நிகழ்வு அந்த விட்ஜெட்டுக்கு வரவில்லை. விசை என்றால் ஃபோகஸ் எங்கே இருந்தது என்று கடைசி ஃபோகஸ் வரியைப் பாருங்கள். ஃபிரேமும் கேன்வாஸும் கிளிக் செய்ததால் மட்டும் ஃபோகஸ் வாங்கிக்கொள்வதில்லை. சுட்டி என்றால் மேலே படர்ந்திருக்கும் ஒரு லேபிள் கிளிக்கை வாங்கியிருக்கும், அதன் பெயரிலேயே வரி இருக்கும். 'முன்' இருந்து 'பின்' இல்லையென்றால், யார் 'பிரேக்' திருப்பியது என்று 'சுற்று' போட்ட வரிகளில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் விட்ஜெட்டின் வகுப்பே நிறுத்தியிருக்கலாம். இரண்டும் இருந்து ஹேண்ட்லர் வரி மட்டும் இல்லையென்றால், வேறொரு பைண்ட் அதை மாற்றி எழுதிவிட்டது அல்லது அதைவிடக் குறிப்பான பைண்ட் முந்திக்கொண்டது.

சாளரம் திறக்கும்போதே, எந்த 'முன்' வரியும் வருமுன் ஹேண்ட்லர் வரி இருக்கிறதா? 'கமாண்ட்' கொடுக்கும் இடத்தில் அடைப்புக்குறி சேர்ந்துவிட்டது. லூப்பில் லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) வைத்து உருவாக்கிய பொத்தான்களில் எதை அழுத்தினாலும் கடைசிப் பொத்தானின் மதிப்பே பதிவாகிறதா? லாம்டா மாறியின் மதிப்பை அழைக்கும் நேரத்தில்தான் எடுக்கிறது. இயல்பு மதிப்பாகக் கொடுத்துக் கட்டிவையுங்கள்.

ஒரே 'முன்' வரிக்கு ஹேண்ட்லர் இருமுறை ஓடினால், திரையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கூட்டல் குறியோடு பைண்ட் சேர்ந்துகொண்டே போகிறது, இல்லையென்றால் விட்ஜெட்டிலும் மேல்நிலைச் சாளரத்திலும் அதே ஹேண்ட்லர் மாட்டியிருக்கிறது. மேல்நிலைச் சாளரம் எல்லாக் குழந்தைகளின் குறிச்சொல் வரிசையிலும் இருப்பதால், அதில் அளவு மாற்றத்தை பைண்ட் செய்தவர்களுக்குப் பொத்தான்களின் அளவு மாற்றமெல்லாம் வந்து சேரும். நிகழ்வின் விட்ஜெட் அந்தச் சாளரம்தானா என்று ஹேண்ட்லரின் முதல் வரியில் கேட்டுவிடுங்கள்.

பெட்டியில் தட்டும்போது ஹேண்ட்லருக்குக் கிடைக்கும் உரை ஓர் எழுத்து பின்தங்கி இருக்கிறதா? வரிசையில் விட்ஜெட் முதலில், வகுப்பு அடுத்து. எழுத்தைச் செருகுவது வகுப்பின் வேலை. உங்கள் ஹேண்ட்லர் ஓடும்போது எழுத்து இன்னும் உள்ளே போகவில்லை. 'ஆஃப்டர் ஐடில்' மூலம் தள்ளிப்போடுங்கள், அல்லது பெட்டியோடு கட்டிய மாறியின் மாற்றத்தைக் கவனியுங்கள்.

## 8. மீண்டும் நிகழ்த்தும் ஃபங்ஷன்

பிழை புரிந்ததும் அதைக் கையால் திரும்பத் திரும்ப நிகழ்த்தாமல் இருக்க 'ஈவன்ட் ஜெனரேட்'டைச் சுற்றி ஒரு சிறு ஃபங்ஷன் போதும். நிகழ்த்தும் முன் ஒருமுறை 'அப்டேட்' அழையுங்கள், ஏனென்றால் திரையில் இன்னும் தோன்றாத விட்ஜெட்டில் சுட்டி நிகழ்வுகளும் விசைகளும் ஒழுங்காகப் போகாது. விசைக்கு முன் ஃபோகஸையும் வலிந்து கொடுக்க வேண்டும். பொத்தானுக்கு இதெல்லாம் வேண்டாம், அதன் 'இன்வோக்' போதும்.

பதிவு முழுவதையும் அப்படியே திரும்ப ஓட்டும் கருவியாக இதை வளர்க்க வேண்டாம். சாளரத்தின் இடமும் எழுத்துருவின் அளவும் மாறினாலே சுட்டி இடங்கள் தவறிவிடும்.

## 9. அணைக்கும் சுவிட்ச்

ஒரு சூழல் மாறியை வைத்து ஆன், ஆஃப் செய்யுங்கள். அது இல்லாதபோது 'சுற்று' வாங்கிய ஃபங்ஷனையே திருப்பித் தரட்டும். 'ஒட்டு', 'துடிப்பு' இரண்டும் உடனே திரும்பிவிடட்டும். ஒவ்வொரு ஹேண்ட்லருக்குள்ளும் 'டீபக் ஆனா' என்று கேட்டுக்கொண்டிருக்கும் முறை வேண்டாம். ஓர் இடத்தில் மறந்தாலும் போச்சு.

'கழற்று' ஃபங்ஷனும் எழுதுங்கள்: குறிச்சொல் வரிசையிலிருந்து நம்முடைய இரண்டை மட்டும் நீக்க வேண்டும். பழைய வரிசையைச் சேமித்து வைத்து அதையே திருப்பி எழுதினால், இடையில் நிரல் செய்த மாற்றங்கள் காணாமல் போகும்.

இந்தக் கோப்பு உங்கள் பயன்பாட்டின் எந்தத் தொகுதியையும் இறக்குமதி செய்யக்கூடாது. செய்தால் அடுத்த புராஜெக்டுக்கு எடுத்துப்போக முடியாது. சோதனைச் சாளரத்தில் சுவிட்ச் ஆன், ஆஃப் இரண்டிலும் எட்டாம் படியின் நிகழ்த்தல்களை ஓட்டி, பெட்டிகளில் இருக்கும் உரையும் ஃபோகஸ் இருக்கும் இடமும் ஒன்றேதானா என்று பாருங்கள். வேறுபட்டால் முதலில் 'சுற்று' எதைத் திருப்புகிறது என்று பாருங்கள்.

வேறு கருவிக்கு மாறும்போது ஒன்று, மூன்று, ஐந்து, எட்டு ஆகிய படிகளைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும், ஆறில் நேரக் கருவியை மாற்ற வேண்டும், மற்றவை பெரும்பாலும் அப்படியே நிற்கும். கியூட்டி என்ற இன்னொரு திரைக் கருவித்தொகுப்பில் 'ஒட்டு' என்பது பயன்பாட்டுப் பொருளின் மேல் வைக்கும் ஈவன்ட் ஃபில்டர். அது எப்போதும் பொய் மதிப்பையே திருப்ப வேண்டும், மெய் என்று திருப்பினால் நிகழ்வு அங்கேயே செத்துவிடும். உலாவியில் விண்டோ பொருளில் கேப்சர் கட்டத்தில் (நிகழ்வு மேலிருந்து கீழிறங்கும்போது) ஒரு லிஸனரும் பபிள் கட்டத்தில் (திரும்ப மேலேறும்போது) ஒரு லிஸனரும் வைத்தால் அதே முன், பின் ஜோடி கிடைக்கும். ஃபோகஸ் நிகழ்வு மட்டும் அங்கே பபிள் ஆகாது. அதற்குப் பதிலாக 'ஃபோகஸ்இன்' நிகழ்வைக் கேளுங்கள்.